கடைசிக்காலப் பராமரிப்புக்குத் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு: எதுவரை நம் வேலை?

கன்னங்குறிச்சிக்காரி:

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். கொஞ்ச வருஷமாக, இனி குணமாக்க முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். பெரும்பாலும் கேன்சர் நோயாளிகள். குழுவில் ஒரு சிஸ்டர், வாரம் ஒருதரம் வரும் டாக்டர், ஒரு ஒருங்கிணைப்பாளர், அப்புறம் என்னைப் போல சம்பளம் வாங்காதவர்கள்.

"சாவைப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறாயே, பயமா இல்லையா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அந்தப் பயம் ஆரம்பத்திலேயே போய்விட்டது. இப்போது என்னைச் சோர்வாக்குவது வேறு. ஒரு வீட்டுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்ததும் அங்கே நான் யார், என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தெரியாமல் நிற்கிறேன். அளவு கொடுக்காமல் ஜாக்கெட் தைக்கச் சொன்ன மாதிரி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் பதில் சொல்லுங்கள்.

சமீபத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலையை ஆயுசு முழுக்கச் செய்த ஒரு அம்மா. விரல் நுனியெல்லாம் தழும்பு. நான் முதல் நாள் போனபோதே மகன் என்னைத் திண்ணையில் நிறுத்தி, "அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. வயித்துப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்றார். சரி என்றேன். ஒரு நாள் தலை வாரிவிடும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உனக்குத் தெரியும்தானே? இவனுங்க சொல்ல மாட்டேங்கறாங்க. நீ சொல்லு கண்ணு." சீப்பு முடியிலேயே நிற்கிறது. மகன் அடுத்த அறையில் போன் பேசுகிறார். "டாக்டர் வரும்போது கேட்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்னலைப் போட்டேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை.

அடுத்தது இரவு போன். "அக்கா, வலி தாங்க முடியலைங்கறாங்க, இன்னொரு மாத்திரை போடட்டுமா?" என்று மருமகள் கேட்கிறாள். அது 'மார்பின்' என்ற, கடுமையான வலிக்குக் கொடுக்கும் மாத்திரை. மருந்து விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது என்பது எங்களுக்குப் போட்ட முதல் கட்டளை. நியாயம்தான். ஆனால் சிஸ்டர் போன் ராத்திரி அணைந்திருக்கும், அவருக்கும் குழந்தை இருக்கிறது. வாயைத் திறக்கக் கூடாதவளுடைய நம்பர் மட்டும்தான் அந்த வீட்டில் எடுக்கிற நம்பர்.

கடைசி நாளில் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பால் ஊற்றினார்கள். மகன் பாலாடையை என்னிடம் நீட்டி, "நீங்களும் ஒரு சொட்டு விடுங்கக்கா, எங்க வீட்டு மனுஷிதானே நீங்க" என்றார். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதே, நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாக ஆகும். விரலைப் பாலில் நனைத்து உதட்டில் தடவிவிட்டு நகர்ந்து நின்றேன். நான் செய்தது சரியா என்று கேட்க எங்கள் குழுவில் இடமே இல்லை. மாதக் கூட்டத்தில் எத்தனை வீடு போனோம் என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

நான் வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே நிறுத்தி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்கிறார். அதைக்கூட ஏற்றுக்கொண்டேன், வயசானவர். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா மகளின் முகூர்த்த ஜாக்கெட்டுக்குக் கொடுத்திருந்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். "தப்பா நினைக்காத, நல்ல காரியத்துத் துணி, நீ அங்கங்கே போயிட்டு வர்றே..." என்றார். அன்றைக்கு மத்தியானமே ஒருங்கிணைப்பாளர் அடுத்த நோயாளியின் விலாசத்தை அனுப்பினார். பயிற்சியின்போது "குடும்பத்தில் ஒருத்தரா இருங்க" என்று சொன்னவரும் அவர்தான். போன மாதம் "ரொம்ப ஒட்டிக்காதீங்க" என்று சொன்னவரும் அவரேதான்.

நோயாளி நேராகக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ராத்திரி போனுக்கு என்ன செய்கிறீர்கள்? பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவீர்களா? யாரும் கூப்பிடவில்லை என்றால்? ஒரு வீடு முடிந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் உங்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறார்களா?

பழைய சிஸ்டர்:

தங்கச்சி, நான் அரசு ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதற்கப்புறம் கோழிக்கோட்டில் நோய் ஆதரவு சிகிச்சைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போகும் வேலையில் இருந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பாலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது. நீங்கள் செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. நான் போன வீடுகளில் அந்த நேரம் நெருங்கும்போதே சுத்தமான பஞ்சைத் திரி மாதிரி உருட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிடுவேன். பாலில் தொட்டுப் பிழிந்து உதட்டிலும் ஈறிலும் ஒற்றச் சொல்வேன். பேரக்குழந்தைகூடச் செய்யலாம். ஊற்றிய திருப்தி எல்லாருக்கும் கிடைக்கும், நோயாளிக்கும் புரையேறாது. தலையைக் கொஞ்சம் உயர்த்தி ஒருபக்கமாகச் சாய்த்து வைத்தால் தொண்டையில் வரும் கரகர சத்தமும் ஓரளவு குறையும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சொந்தக்காரர்கள் தவித்துப் போகிறார்கள். நோயாளிக்கு அப்போது பெரும்பாலும் நினைவு இருக்காது என்பதை அவர்களுக்குச் சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். சொல்ல வேண்டியது சிஸ்டர். சொல்லியிருக்கிறாரா என்று நீங்கள் கேட்கலாம்.

மார்பினுக்கு வருவோம். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான், அதனால்தான் வலி வந்தபிறகு என்று காத்திருக்காமல் மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். நடுவில் வலி பீறிக்கொண்டு வந்தால் கூடுதலாக எவ்வளவு, எத்தனை முறை என்பதை டாக்டர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று படம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டுவோம். படிக்காதவர்களும் கொடுத்துவிடுவார்கள். மலச்சிக்கலுக்கான மருந்தும் அதே தாளில் இருக்க வேண்டும், மார்பின் சாப்பிடும்வரை அந்தத் தொல்லை தானாகப் போகாது. இப்படி ஒரு தாள் இருந்தால் ராத்திரி போனில் நீங்கள் மருந்து சொல்லவே வேண்டாம். "கதவுல ஒட்டின தாளை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டு" என்று சொன்னாலே போதும். தாளும் இல்லை, ராத்திரிக்கு ஒரு நம்பரும் இல்லை என்றால் அது குழு செய்யாமல் விட்ட வேலை. 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில் மார்பின் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்து, 2014-இல் சட்டத்தைத் திருத்தித்தான் கொஞ்சம் வழி பிறந்தது. மருந்து வீடுவரை வந்த பிறகு, அதைக் கொடுப்பது எப்படி என்று சொல்ல ஆளில்லாமல் ஒருத்தர் வலியில் துடிக்கக் கூடாது. இதைக் கூட்டத்தில் சத்தமாகவே கேளுங்கள்.

அந்த அம்மா கேட்ட கேள்வி. பொய் சொல்லவும் கூடாது, போட்டு உடைக்கவும் கூடாது. "உங்களுக்கு என்னம்மா தோணுது?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்தே இருக்கிறது. அவர்கள் கேட்பது நோயின் பெயரை இல்லை, "இதைப் பற்றி உன்கிட்ட பேசலாமா" என்றுதான். பேசவிட்டு, அன்றைக்கே சிஸ்டருக்கோ டாக்டருக்கோ தகவல் சொல்லிவிடுங்கள். குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவது அவர்கள் பொறுப்பு. மகன் மறைத்தது பாசத்தில், அவரோடு நீங்கள் சண்டைக்குப் போகவேண்டாம்.

ஏற்காடு மேஸ்திரி:

சிஸ்டர் சொன்னது சேலத்துக்குச் சரிங்க. மலைக்கு வாங்க, வேற மாதிரி இருக்கும்.

நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. நாகலூர், மாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்கு நாங்கள் நாலைந்து பேர் போய் வருகிறோம். சில இடத்துக்கு மினி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கணும். மழைக்காலத்தில் பனி இறங்கினால் முன்னால் போகிற ஆளே தெரியாது. அங்கே போய் "இது என் வேலை இல்லை" என்று எப்படிச் சொல்வது? மருந்தைக் கீழே சேலத்திலிருந்து வாங்கி மேலே கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான், டவர் கிடைக்கிற பாறை மேலே ஏறி நின்று டாக்டருக்குப் போன் போடுவதும் நான்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பித்த பிறகு வீட்டுக்கே வந்து பார்க்கும் சிஸ்டர்கள் வந்திருக்கிறார்கள், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் அவர்கள் வராத நாள்தான் அதிகம். அந்த நாளில் யாராவது ஒருத்தர் அங்கே இருக்கணும்.

அதனால் எதுவரை நம் வேலை என்ற எல்லைக்கோட்டை நாங்கள் வேறு இடத்தில் போட்டோம். ஒன்று, தனியாகப் போவதில்லை. எப்போதும் இரண்டு பேர். திரும்பி நடக்கும்போது பேசிக்கொண்டே வருவோம், கீழே வருவதற்குள் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த அக்கா தனியாகப் போகிறார் என்று படித்ததுமே எனக்கு இதுதான் முதலில் தோன்றியது. இரண்டாவது, பணம். இதைப் பற்றி அவர் எழுதவில்லை, ஆனால் கட்டாயம் வந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக் காசு, அரிசி, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம். கையிலிருந்து கொடுக்கவே மாட்டோம். ஒரு பொது உண்டியல் இருக்கிறது, எவ்வளவு கொடுப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணி, கொடுக்கிறவர் பெயர் சொல்லாமல் போகும். ஒருத்தர் கையிலிருந்து கொடுத்தால் அப்புறம் அந்த வீட்டில் அவர் கடன் கொடுத்தவராகிவிடுவார், உட்கார்ந்து பேச முடியாது.

காப்பிப் பழம் பறிக்கிற மாசங்களில், கார்த்திகை மார்கழியில், எங்களில் யாருக்கும் நேரம் கிடைக்காது. அந்த மாசங்களுக்குப் புதிய நோயாளியை ஏற்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சிலருக்குக் கோபம். ஏற்றுக்கொண்டு போகாமல் இருப்பதை விட இது மேல்.

காரியத்துக்குப் போவது பற்றி எங்களுக்குக் கேள்வியே வருவதில்லைங்க. இந்த மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடி ஜனங்களுடைய ஊரில் ஒரு சாவு என்றால் ஊரே வரும். நாமும் கூட்டத்தில் ஒருத்தராக நின்று அழுதுவிட்டு வரலாம். யாரும் நீ யார் என்று கேட்க மாட்டார்கள். டவுனில்தான் அந்தக் கஷ்டம் போல.

குகை நெசவாளர் மகன்:

நான் சேலம் குகைப் பகுதிக்காரன், தன்னார்வலர் இல்லை. அப்பா கடைசிக்காலத்தில் ஒரு அக்கா வந்து பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்லத் தோன்றியது.

நாங்களும் அவரைக் காரியத்துக்குக் கூப்பிடவில்லை. இவ்வளவு செய்தவரை மறுபடியும் சாவு வீட்டுக்கு வரச் சொல்லித் தொந்தரவு பண்ணுவதா என்று அம்மா தயங்கினார். அவரும் வரவில்லை. அம்மா இப்பவும் கேட்கிறார், "அந்தப் புள்ள எப்படி இருக்கா, ஒரு நடை வந்துட்டுப் போகலாமே" என்று. அதனால் கூப்பிடாவிட்டாலும் போங்கக்கா. காரியத்தன்று கூட்டமாக இருக்கும், வேண்டாம் என்றால் அதற்கப்புறம் ஒரு நாள் போங்க.

இன்னொன்று. ராத்திரி நான் போன் செய்தது எல்லாமே மருந்து கேட்க இல்லை. அப்பா முனகிக்கொண்டே இருப்பார், அம்மா அழுவார், தறிக்குழிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு யாராவது பேசினால் போதும் என்று இருக்கும். மாத்திரை போடலாமா என்று கேட்பது ஒரு சாக்கு. அது அந்த அக்காவுக்கு எவ்வளவு பாரம் என்று இதைப் படித்த பிறகுதான் புரிகிறது.

சமூகப்பணி வாத்தியார்:

கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். கேள்வி கேட்டவர் சொல்வது அவருக்கு மட்டும் உள்ள பலவீனம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1964-இல் ராபர்ட் கான் என்பவரும் அவருடைய சகாக்களும் வேலை செய்யும் இடத்து மன அழுத்தத்தை ஆராய்ந்து இரண்டு விஷயங்களை முன்வைத்தார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றே தெரியாமல் இருப்பது ஒன்று. இரண்டு பேர் இரண்டு விதமாக எதிர்பார்த்து நடுவில் மாட்டிக்கொள்வது இன்னொன்று. "குடும்பத்தில் ஒருத்தரா இரு, ஆனா ஒட்டிக்காதே" என்பது இதில் அப்படியே பொருந்துகிறது. கனடாவைச் சேர்ந்த மேரி வாஷோன் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். அவர்களுடைய அழுத்தத்தில் பெரும்பகுதி நோயாளியிடமிருந்தோ சாவிலிருந்தோ வருவதில்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலிருந்தும் கூட வேலை செய்பவர்களிடமிருந்தும்தான் வருகிறது என்பது அவர் கண்டது. சம்பளம் வாங்கும் சிஸ்டருக்கே அப்படி என்றால், பதவியும் வேலை விவரமும் இல்லாத தன்னார்வலரைக் கேட்கவே வேண்டாம்.

முகூர்த்த ஜாக்கெட் விஷயம் என்னை மிகவும் பாதித்தது. துக்கப்பட உரிமை இல்லாதவர் என்று ஊர் நினைக்கும் ஒருவருக்கு வரும் துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா 1989-இல் எழுதினார். ரத்த சொந்தம் இல்லை, தீட்டு மட்டும் உண்டு, ஆறுதல் கிடையாது. உங்கள் நிலை அதுதான். அதைச் சுமப்பதற்கு உங்கள் குழு ஏற்பாடு செய்தே ஆகவேண்டும். ஒரு நோயாளி இறந்தால் அடுத்தவரைக் கொடுப்பதற்கு முன் இடைவெளி, அந்த வீட்டைப் பற்றி உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம், யாரிடம் போய்ச் சொல்வது என்று பெயர் குறிப்பிட்ட ஒரு ஆள். சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவர் நர்ஸாகவும் மருத்துவ சமூகப்பணியாளராகவும் டாக்டராகவும் இருந்தவர். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தது அபூர்வம். நம் ஊரில் அந்த மூன்றையும் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், சொல்லாமலே, எதிர்பார்க்கிறோம்.

தூக்கம் வரவில்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கன்னங்குறிச்சிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. கடையில் ஆள் வந்துகொண்டே இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

சிஸ்டர், நீங்கள் சொன்ன சூரியன் நிலா தாள் எங்கள் வீடுகள் எதிலும் இல்லை. இங்கிலீஷில் எழுதிய சீட்டுதான் இருக்கிறது, அதையும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மேஸ்திரி அண்ணா, தனியாகப் போவது பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆள் பற்றாக்குறை என்று எங்களைப் பிரித்து அனுப்புகிறார்கள். இரண்டு பேராகப் போனால் பார்க்கும் வீடுகள் பாதியாகும், ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் நான் இனி தனியாகப் போவதில்லை என்று சொல்லப்போகிறேன். பாதி வீடு என்றாலும் ஒழுங்காகப் பார்ப்போம்.

வாத்தியார் சொன்ன இடைவெளியில் எனக்கு ஒரு சந்தேகம். ஒருத்தர் போனபிறகு சும்மா இருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புதிய நோயாளி வேண்டாம், ஆனால் ஏதாவது வேலை வேண்டும். மருந்து டப்பாக்களுக்குப் பை தைப்பது, படுக்கைப் புண் வராமல் முட்டுக்கொடுக்கும் சின்னத் தலையணை தைப்பது என்று எதையாவது கொடுத்தால் செய்வேன். அந்தத் தலையணைகளைக் கடையில் மிஞ்சும் துணியிலேயே தைக்கலாம், உள்ளே இலவம்பஞ்சு போட்டால் போதுமா, சிஸ்டர்?

குகைத் தம்பி, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், அந்த அக்காவும் இதே தயக்கத்தில்தான் வராமல் இருப்பார். நீங்களே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கொலுசு வேலை செய்த அம்மாவின் வீட்டுக்கு நான் போகப்போகிறேன். மருமகள் பெரிய பெண்ணுக்குப் பாவாடை தைக்கவேண்டும் என்று முன்பு சொல்லியிருந்தாள், அளவு எடுக்கிற சாக்கில் போய்விடலாம்.

பழைய சிஸ்டர்:

இலவம்பஞ்சு போதும், ஆனால் உறையைத் தனியாகக் கழற்றித் துவைக்கிற மாதிரி தையுங்கள், உள்பையின் மேல் ஒரு ரெக்சின் அல்லது பிளாஸ்டிக் உறையும் போட்டுவிடுங்கள், ஈரம் உள்ளே இறங்காது. குதிகாலுக்கு அடியில் தலையணை வேண்டாம், கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் இருக்கட்டும். அது பெரிய அளவாகத் தைக்கணும். எவ்வளவு நல்ல தலையணை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைப்பதை விடக் கூடாது, அதை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் அடுத்த மாதக் கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள், ஒருங்கிணைப்பாளர் சம்மதித்தால் வந்து அந்தத் தாளை எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன்.